தீர்க்கதரிசி குறி சொல்பவரா?

ஆசிரியருக்கு வணக்கம்.

விவிலியத் தீர்க்கதரிசிகளைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரை, அவர்களை வருங்காலம் கணிப்பவர்களாகவே காட்டியிருந்தது. கத்தோலிக்கர் வழங்கும் 'இறைவாக்கினர்' என்ற சொல்தான் இதற்குப் பொருத்தம். கடவுள் சொன்னதை எடுத்துச் சொல்வதுதான் அவர்களுடைய வேலை. நாத்தான் என்ற இறைவாக்கினர் தாவீது அரசனின் முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொன்னாரே, அதில் ஜோசியம் எங்கே இருக்கிறது?

அந்த வாக்கு அவர்கள் நினைத்த நேரத்தில் வந்துவிடவும் இல்லை. எகிப்துக்குப் போகலாமா என்று மக்கள் கேட்டபோது எரேமியா என்ற இறைவாக்கினருக்குக் கடவுளிடமிருந்து பதில் கிடைக்க 10 நாள் ஆனது. சொந்தக் கருத்தென்றால் 10 நிமிடம் போதுமே! (கிடைத்த பதிலை மக்கள் கேட்கவில்லை என்பது வேறு கதை.) அதே எரேமியாவுக்கு எதிராக அனனியா என்பவர், பாபிலோனின் நுகம், அதாவது மக்கள்மேல் அதற்கிருந்த ஆதிக்கம், 2 ஆண்டில் முறியும் என்று எல்லாருக்கும் பிடித்த செய்தியைச் சொன்னார். அது பொய்த்தது. பிடித்ததைச் சொல்வதுதான் போலியின் அடையாளம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அப்புறம், புதிய ஏற்பாட்டுக் கடிதமான எபிரெயர் நிருபத்தின் தொடக்கத்தைக் கட்டுரை தொடவே இல்லை. முன்பு தீர்க்கதரிசிகள் வழியாகப் பேசிய கடவுள் இப்போது தம் குமாரனாகிய இயேசு வழியாகப் பேசினார் என்கிறது அது. பெரும்பாலான சபைகள் இதை வைத்துத்தான் கடவுள் தங்களிடம் பேசியதாகச் சிலர் சொல்லும் புதிய 'வெளிப்பாடுகளை' அளக்கின்றன. தீர்க்கதரிசிகள் பேசும்போது மற்றவர்கள் அதை நிதானிக்க (சோதித்துப் பார்க்க) வேண்டும் என்று அப்போஸ்தலர் பவுலும் கொரிந்தியருக்கு எழுதியிருக்கிறார். அதற்காவது ஒரு வரி ஒதுக்கியிருக்கலாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்