பீரோவில் கிடக்கும் ஒரு கல்ச்சர் ரிப்போர்ட்

கடலூர், புதுச்சேரி மருத்துவமனை நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

போன வருடம் அப்பாவைச் சர்க்கரைப் புண்ணோடு ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். எது என்பது இங்கே வேண்டாம். சீழ் எடுத்து, எந்தக் கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. கிருமி கிளெப்சியெல்லா. கீழே மருந்துகளின் வரிசை, எதிரே 'ஆர்', 'ஆர்', 'ஆர்'. 'எஸ்' என்றால் மருந்து கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது என்று லேப்காரத் தம்பி சொல்லித்தான் தெரிந்தது. மூன்று நாளாக அப்பாவுக்கு ஏறிக்கொண்டிருந்த ஊசியும் அந்த 'ஆர்' கூட்டத்தில்தான் இருந்தது.

டாக்டரைக் குறை சொல்ல மாட்டேன். ரிப்போர்ட் வரும்வரை நோயாளியைச் சும்மா போட்டு வைக்க முடியாது, ஊகித்துத்தான் தொடங்க வேண்டும். ஆனால் எதை வைத்து ஊகித்தார்கள்? "இந்த வார்டில் இதே கிருமி இந்த வருடம் எத்தனை பேருக்கு வந்தது? எத்தனை பேருக்கு இந்த ஊசி கேட்டது?" என்று டிஸ்சார்ஜ் அன்று கேட்டேன். பதில் சொல்ல ஆளில்லை. அப்பாவின் ரிப்போர்ட் இப்போது எங்கள் வீட்டு பீரோவில், ரேஷன் கார்டுக்குப் பக்கத்தில் கிடக்கிறது.

இப்படிப்பட்ட தாள்களைக் கூட்டி, எந்தக் கிருமிக்கு எந்த மருந்து எத்தனை சதவீதம் பேருக்குக் கேட்கிறது என்று வருடத்துக்கு ஒரு கணக்கு போட்டால் அதுதான் ஆன்டிபயோகிராம். அதை நீங்களும் போட்டு வெளியிட வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஒருவருக்குப் பத்து முறை கல்ச்சர் எடுத்திருந்தாலும் ஒரு கிருமிக்கு முதல் முடிவை மட்டும்தான் எண்ண வேண்டும். இல்லாவிட்டால் நாள்கணக்கில் ஐ.சி.யூ.வில் கிடப்பவரின் கிருமியே கணக்கை நிரப்பிவிடும். ஒரு கிருமிக்கு முப்பது பேராவது இல்லாவிட்டால் சதவீதத்தை நம்ப முடியாது. சரி, சின்ன நர்சிங் ஹோம்கள் நாலைந்து சேர்ந்து போடட்டுமே. இதற்கான ஹூநெட் மென்பொருள் இலவசம், உலக சுகாதார நிறுவனமே ஆதரிப்பது. செலவு என்றால் பதிவு செய்ய ஓர் ஆளுக்கான சம்பளம்தான்.

"ஜிப்மர் பார்த்துக்கொள்ளும்" என்பீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) மருந்து கேட்காத கிருமிகளுக்காக 2013-இல் தொடங்கிய கண்காணிப்பு வலையமைப்பில் ஜிப்மர் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அங்கே போய்ச் சேருகிறவர்களில் பலர் ஏற்கெனவே இரண்டு மூன்று இடங்களில் ஊசி போட்டுக்கொண்டு போகிறவர்கள். அந்தக் கணக்கை அப்படியே எங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்து நர்சிங் ஹோமுக்குப் பொருத்தினால், தேவையில்லாதவருக்கும் பெரிய மருந்தாக ஏற்றுவீர்கள்.

உங்களுக்குள் இருக்கும் பயம் பெயர் கெட்டுவிடுமே என்பதுதான் என்று நினைக்கிறேன். தேடுகிறவன் கண்ணில்தான் படும். கல்ச்சரே அனுப்பாத மருத்துவமனையின் கணக்கு எப்போதும் சுத்தமாகத்தான் இருக்கும். அதனால் மருந்து கேட்காத கிருமிகளின் எண்ணிக்கை கூடியது என்று எந்த மருத்துவமனையையும் தண்டிக்கக் கூடாது என்பதை இரண்டு அரசுகளிடமும் சேர்ந்து கேட்டு வாங்குங்கள். கேரளம் 2018-இலேயே இந்தக் கிருமிகளுக்கு எதிராக மாநிலச் செயல்திட்டம் போட்டது, ஆன்டிபயோகிராமும் வெளியிடுகிறது. அதனால் அங்கே யாரும் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் இருந்துவிடவில்லை.

இன்னொன்று. கடலூர்-புதுச்சேரி எல்லையான முள்ளோடையில் அரசு மாறுகிறது, சரக்கு விலை மாறுகிறது. கிருமி மட்டும் நோயாளியோடு அதே ஆம்புலன்சில் போகிறது. மேல் சிகிச்சைக்கு அனுப்பும்போது கொடுக்கும் சீட்டில் கல்ச்சரில் வந்த கிருமியையும் கேட்காத மருந்துகளையும் இரண்டு வரி எழுதுங்கள். எதிர்முனையில் இருப்பவருக்கு அந்த மூன்று நாள் மிச்சமாகும்.

கணக்கைத் தொடங்குவதானால் சொல்லுங்கள். அப்பாவின் தாளை ஜெராக்ஸ் எடுத்துக் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
மஞ்சக்குப்பத்திலிருந்து ஒரு நோயாளியின் மகன்