முதல் வகுப்பின் வாசிப்பு நேரம் குறித்துப் பெற்றோர்களுக்கு

மதிப்பிற்குரிய பெற்றோர்களுக்கு,

வணக்கம். ஜூன் மாதம் பள்ளி திறந்தது முதல் மழை விட்டபாடில்லை என்றாலும் மாணவர் வருகை குறையாமல் இருப்பது மகிழ்ச்சி அளிக்கிறது. விலையில்லாப் பாடநூல்களும் சீருடைகளும் வழங்கப்பட்டுவிட்டன. ஜூலை 15 அன்று பெருந்தலைவர் காமராசர் பிறந்தநாளைக் கல்வி வளர்ச்சி நாளாகச் சிறப்புறக் கொண்டாடினோம். போட்டிகளில் கலந்துகொண்ட அனைவருக்கும் பாராட்டுகள். விளையாட்டிலும் நம் பிள்ளைகள் நன்றாகவே செய்து வருகிறார்கள்.

முதல் வகுப்பில், காலை உணவு முடிந்ததும், வகுப்பாசிரியை ஒரு படப் புத்தகத்தை எல்லோருக்கும் தெரியும்படி பிடித்துக்கொண்டு உரக்க வாசிப்பதை நீங்கள் அறிவீர்கள். இதற்காக, இயன்றவர்கள் ஒரு புத்தகம் தந்து உதவுமாறு கேட்டிருந்தோம். நீங்களும் மனமுவந்து தந்தீர்கள். ஆனால் வந்தவற்றுள் பெரும்பாலானவை அகரவரிசைப் புத்தகங்களும், பழங்கள், வாகனங்களின் பெயர்ப் பட்டியல்களும், பொடி எழுத்தில் அச்சிட்ட நீதிக்கதைத் தொகுப்புகளுமாக இருந்தன. தாங்கள் தந்த புத்தகம் வகுப்பில் வாசிக்கப்படவில்லையே என்று சிலருக்கு வருத்தம். எழுத்துச் சொல்லிக்கொடுக்காமல் படம் காட்டியே பொழுதைக் கழிக்கிறார்கள் என்று வேறு சிலருக்குக் குறை. இரண்டுக்கும் பதில் சொல்வது என் கடமை.

எழுத்துகளைக் கற்பிப்பதற்கு 2022 முதல் நடைமுறையில் உள்ள எண்ணும் எழுத்தும் திட்டம் இருக்கிறது. அந்தப் பாடவேளை ஒரு நிமிடம்கூடக் குறைக்கப்படவில்லை. ஆனால், வீட்டில் நாம் பேசும் தமிழை மட்டுமே கேட்டு வளர்ந்த ஐந்து வயதுப் பிள்ளைக்குப் புத்தகத்தின் தமிழ் ஏறக்குறையப் புதியதாகவே இருக்கும். அதன் நடையும் ஓசையும் முதலில் காதில் விழுந்து பழகினால்தான், பின்னர் எழுத்துக்கூட்டிப் படிக்கும்போது தான் படித்தது என்ன என்று அப்பிள்ளைக்குப் பிடிபடும். அகரவரிசைப் புத்தகத்தில் உரக்க வாசித்துக் கேட்பதற்கு ஒன்றும் இல்லை என்பதை அருள்கூர்ந்து எண்ணிப் பாருங்கள்.

புத்தகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் முதலில் பார்ப்பது, கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்குப் படம் தெரியுமா என்பதைத்தான். தாள் மிகவும் வழவழப்பாக இருந்தால் ஜன்னல் வெளிச்சம் பட்டு, பக்கம் வெறும் வெள்ளையாகத் தெரியும். ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிகள் போதும். ஒரே வரி திரும்பத் திரும்ப வந்தால் மூன்றாவது முறை பிள்ளைகளே அதைச் சேர்ந்து சொல்லிவிடுவார்கள். சொற்களில் இல்லாத ஏதாவது ஒன்று படத்தில் இருக்க வேண்டும். அம்மாவைப் பிரிந்து பள்ளிக்கு வந்து அழும் குழந்தையைப் பற்றிய கதைகளை முதல் இரண்டு வாரங்கள் நாங்கள் தொடுவதே இல்லை. ஒருவர் அழத் தொடங்கினால் வகுப்பே அழும். கடைசிப் பக்கத்தில் நீதி சொல்லும் கதைகள்மீது எனக்கு விரோதம் ஏதும் இல்லை, ஆனால் அந்த வரி வருவதற்குள் பாதிப் பிள்ளைகள் ஜன்னல் பக்கம் திரும்பிவிடுகிறார்கள்.

சென்ற வாரம் காட்டைப் பற்றிய ஒரு புத்தகம் வாசிக்கப்பட்டது. படத்திலிருந்த பெரிய மரத்தைப் பார்த்த ரப்பர் பால் வெட்டுத் தொழிலாளி ஒருவரின் மகள், அதில் ஏன் பால் பிடிக்கும் சிரட்டை வைக்கவில்லை என்று கேட்டாள். அது ரப்பர் மரம் இல்லை, பலா என்றான் பக்கத்தில் இருந்தவன். அப்படியானால் காய் எங்கே என்று அடுத்த கேள்வி வந்தது. அதுவரை வகுப்பில் வாய் திறக்காத இரண்டு பிள்ளைகள் அன்று பேசினார்கள்.

இந்நிலையில், வாசிப்பு நடந்துகொண்டிருக்கும்போதே வகுப்பு வாசலில் நின்று, கதை வாசிக்கவா சம்பளம் என்று பிள்ளைகளின் காதுபட ஆசிரியையிடம் கேட்பதும், ஜன்னல் வழியாகத் தம் பிள்ளையைப் பதில் சொல்லும்படி தூண்டுவதும், கைப்பேசியில் படம் பிடிப்பதும் இனி அனுமதிக்கப்பட மாட்டா. எந்தக் குறையானாலும் என் அறைக்கு வந்து என்னிடம் சொல்லுங்கள். அங்கு எவ்வளவு நேரமானாலும் கேட்கக் காத்திருக்கிறேன்.

இனியும் புத்தகம் தர விரும்புவோர் வாங்குவதற்கு முன் வகுப்பாசிரியையிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. நேஷனல் புக் டிரஸ்ட்டின் தமிழ்ச் சிறுவர் நூல்கள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என நான்கு நிலைகளில் உள்ளன. முதல் நிலைப் புத்தகங்களைப் பள்ளிக்கு வந்து புரட்டிப் பார்த்தாலே எங்கள் தேவை விளங்கிவிடும். செலவு செய்ய இயலாதவர்கள் தயங்க வேண்டாம். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்ப் படக்கதைகளை இலவசமாகப் படிக்கலாம். இரவில் பிள்ளையை அருகில் வைத்துக்கொண்டு கைப்பேசியிலேயே ஒன்றை வாசித்துக் காட்டினால் அதுவும் எங்களுக்குப் பேருதவிதான்.

நீங்கள் தந்த கதைத் தொகுப்புகள் நான்கு, ஐந்தாம் வகுப்புகளின் அலமாரியில் வைக்கப்பட்டு, இப்போதே கைமாறிக்கொண்டிருக்கின்றன. அகரவரிசைப் புத்தகங்களைத் திரும்பப் பெற விரும்புவோர் பள்ளி விட்ட பிறகு அலுவலகத்தில் பெற்றுக்கொள்ளலாம். விடியுமுன் பால் வெட்டப் போய்விட்டும், முந்திரி ஆலைக்குக் கிளம்பும் அவசரத்திலும் பிள்ளைகளை நேரத்துக்கு அனுப்பிவைக்கும் உங்கள் சிரமத்தை நாங்கள் அறிவோம். புத்தகம் தந்தவர்களுக்கும், மனத்தில் பட்டதை நேரில் வந்து சொன்னவர்களுக்கும், பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர்களுக்கும் என் மனமார்ந்த நன்றி.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்