‘கௌ’ தேடினால் ‘கெள’ கிடைக்காது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிள்ளைகள் நூலகப் பக்கமே வருவதில்லை, கைப்பேசியே கதியென்று கிடக்கிறார்கள் என்ற புலம்பல் ஓயவில்லை. அதே கைப்பேசியில் நூலகத்தின் இணையப் பட்டியலைத் திறந்து தேடுகிற பிள்ளைக்கு என்ன கிடைக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

‘கௌதம புத்தர்’ என்று தேடுகிறார். பட்டியலில் ஏற்றியவர் ‘கெளதம’ என்று அடித்திருந்தால் விடை பூச்சியம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு முதலாவது, ககரமும் ஔகாரக் குறியும். இரண்டாவது, ‘கெ’யும் அதையடுத்துத் தனி ‘ள’வும். தட்டச்சுப் பொறிக் காலத்துப் பழக்கம் இது, கை இன்னும் விடவில்லை. தமிழ்99 விசைப்பலகையிலோ கீழ்வரிசையின் இடக்கோடியில் ‘ஔ’வுக்குத் தனி விசையே இருக்கிறது. புத்தகம் அலமாரியில் தூங்கும். பிள்ளை ‘இல்லை போல’ என்று போய்விடும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் ஏற்றிய பட்டியல் இன்னும் மோசம். திரையில் தமிழாகத் தெரிந்தாலும், ‘தமிழ்’ என்ற சொல் கணினிக்குள் நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாகக் கிடக்கும். இன்றைய பொதுக் குறியாக்கமான யூனிகோடில் தேடுபவருக்கு அது ஒருநாளும் அகப்படாது. எழுத்துரு மாற்றியில் போட்டு எடுத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீரும்.

‘ஔ’ கோளாறு அப்படி ஒரே சொடுக்கில் தீராது. ‘ஒள’ என்றிருப்பதையெல்லாம் ‘ஔ’ என மாற்றச் சொன்னால் ‘ஒளி’ உடைந்துபோகும். ‘ெள’வை மாற்றச் சொன்னால் ‘வெள்ளி’யும் ‘தெளிவு’ம் போச்சு. ளகரத்துக்குப் பின் புள்ளியோ உயிர்க்குறியோ வராத இடங்களை மட்டும் மாற்றச் சொல்ல வேண்டும். அப்போதும் பேச்சு வழக்கில் தலைப்பு வைத்த நூல்கள் மாட்டிக்கொள்ளும்: ‘வெளக்கு’ என்பது ‘வௌக்கு’ ஆகிவிடும். எனவே மாற்றப்போகும் தலைப்புகளை முதலில் தனிப் பட்டியலாக எடுத்து, தமிழ் தெரிந்த ஒருவர் கண்ணால் ஓட்டிப் பார்த்த பிறகே மாற்ற வேண்டும். முன்னதாக ஒரு நகல் எடுத்து வைப்பது கட்டாயம். நூலகப் பட்டியலை நடத்தும் கோஹா மென்பொருளில் தரவுத்தளத்துக்குள் நேரே கைவைத்தால், தேடலுக்கென்று அது தனியே வைத்திருக்கும் அட்டவணையை மறுபடி உருவாக்க வேண்டும். மறந்தால் தேடலில் பழைய பிழையே வரும்.

‘ஜெ’ என்றும் ‘செ’ என்றும் இருவகையாக எழுதப்படும் தலைப்புகளைத் திருத்தவே கூடாது. நூலில் அச்சாகியிருப்பது மார்க் 21 என்ற நூலகப் பதிவு வடிவத்தில் தலைப்புக்கான 245ஆம் புலத்தில் அப்படியே இருக்கட்டும். மற்ற வடிவத்தை மாற்றுத் தலைப்புக்கான 246இல் சேர்த்தால் எப்படித் தேடினாலும் கிடைக்கும்.

புதிய கணினிகளும் டேப்லெட்டுகளும் வாங்கக் கோப்பு தயாரிப்பதற்கு முன், அலமாரியிலிருந்து கைக்கு வந்த 20 தமிழ் நூல்களை எடுத்து, பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருவரிடம் கொடுத்து, தலைப்புகளைக் கைப்பேசியில் தேடச் சொல்லுங்கள். எத்தனை அகப்படவில்லை என்ற எண்ணிக்கை அந்தக் கோப்பின் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
நூலகப் பட்டியல் பணியாளர் ஒருவர்