பெயர் சொல்லாமல் போனவருக்கு

அன்று கொட்டும் மழையில் எங்கள் கிழவனைக் கூட்டிவந்து வாசலில் விட்டுவிட்டு, பெயர்கூடச் சொல்லாமல் போனீர்களே, உங்களுக்குத்தான் இந்த நன்றி.

அவன் என் தோழியின் வழிகாட்டி நாய். பார்வையில்லாத அவளை 8 வருடம் பத்திரமாக நடத்திச் சென்றவன். அவளே ‘போ’ என்றாலும், வண்டி வந்தால் அசையமாட்டான், அப்படித்தான் பழக்கியிருந்தார்கள். முதுகிலிருந்த கைப்பிடிப் பட்டையைக் கழற்றி ஓய்வு கொடுத்ததுதான் தாமதம், சேட்டை ஆரம்பம். சாக்ஸைத் திருடிக் கட்டிலுக்கடியில் ஒளிப்பான். கேட்டால் வாலை மட்டும் ஆட்டுவான். அன்றும் கதவு திறந்திருந்தது, ஓடிவிட்டான்.

உங்கள் துண்டால் அவன் காதைத் துடைத்துவிட்டீர்கள். தோழி அவன் கழுத்தைத் தடவித் தடவி அழுதாள்.

அப்புறம் ஒன்றரை வருடம் இருந்தான். போன மாதம் போய்விட்டான். கட்டிலுக்கடியில் கிடக்கும் ஒற்றைச் சாக்ஸை அவள் எடுக்க விடவில்லை. அந்த ஒன்றரை வருடம் நீங்கள் கொடுத்தது. ரொம்ப நன்றிங்க.