பிடிஎஃப் ட்ராயிங்கில் மைனஸ் குறி மறைவது குறித்த புகார், இழப்பீடு கோரிக்கை

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கடைசி அப்டேட்டுக்குப் பிறகு டாலரன்ஸில் (அளவு எவ்வளவு கூடலாம், குறையலாம் என்ற எல்லையில்) உள்ள மைனஸ் குறி பிடிஎஃப்பில் வராமல் போனது, அதனால் ஏற்பட்ட நஷ்டம், உங்கள் சேவைப் பிரிவு நடந்துகொண்ட விதம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

வணக்கம். கம்ப்யூட்டரில் ட்ராயிங் போடும் உங்கள் கேட் (CAD) மென்பொருளைப் பல வருடங்களாகப் பணம் கட்டி வாங்கிப் பயன்படுத்துகிறோம். முதலில் நிரந்தர லைசென்ஸ் வைத்திருந்தோம். அதை நீங்கள் நிறுத்திவிட்டு வருடச் சந்தாவுக்கு மாறச் சொன்னீர்கள், மாறினோம். ஒரு வருடம்கூடப் பணம் தாமதமானதில்லை. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. உங்கள் ஹெல்ப்லைனில் பேசியவர் என் பிரச்சினையைக் கேட்பதற்கு முன்பே, "சாஃப்ட்வேர் ஒரிஜினல்தானே சார்?" என்றுதான் ஆரம்பித்தார்.

கோவை கணபதியில் மூன்று பேர் உட்கார்ந்து வேலை செய்யும் சின்ன அலுவலகம் எங்களுடையது. பார்ட்டி கொண்டுவரும் சாம்பிளை அளந்தோ, அவர்கள் அனுப்பும் 3டி மாடலை வைத்தோ, பட்டறையில் போட்டு ஓட்ட வேண்டிய ட்ராயிங்கைத் தயாரித்துக் கொடுக்கிறோம். பம்பு, டெக்ஸ்டைல் மெஷின், வால்வு என்று எல்லா வேலையும் வரும். பட்டறைக்கு யாரும் உங்கள் ஃபைலை அனுப்புவதில்லை. பிடிஎஃப்தான் போகும். ஆபரேட்டர் அதை ஏ3 தாளில் பிரிண்ட் எடுத்து மெஷின் கதவில் ஒட்டி வைத்துக்கொள்வார். அந்தத் தாளில் என்ன இருக்கிறதோ அதன்படிதான் ஜாப் ஓடும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடந்த அப்டேட் தானாகவே இறங்கி இன்ஸ்டால் ஆனது. அதன் பிறகு, டாலரன்ஸ் மதிப்புகளுக்கு முன்னால் உங்கள் மென்பொருள் தானாகப் போடும் மைனஸ் குறி திரையில் சரியாகத் தெரிகிறது. பிடிஎஃப்பாக எக்ஸ்போர்ட் செய்தால் அது காணாமல் போகிறது. எண் இருக்கிறது, குறி இல்லை. பெரிதாக்கிப் பார்த்தால் குறி இருக்க வேண்டிய இடம் வெறுமையாகத் தெரிகிறது. பிளஸ் குறி வருகிறது, ± வருகிறது, விட்டக் குறியும் வருகிறது. எங்கள் ட்ராயிங்கில் பாதிக்கு மேல் துளைக்கு எச்7, ஷாஃப்டுக்கு கே6 என்ற டாலரன்ஸ் குறியீடுகள், ± 0.1 போன்றவைதான். அவற்றில் மைனஸே கிடையாது. அதனால்தான் இந்தக் கோளாறு யார் கண்ணிலும் படாமல் ஒளிந்துகொண்டிருந்தது.

ஒரு டெக்ஸ்டைல் மெஷின் பார்ட்டிக்கு கைடு புல்லி ட்ராயிங் கொடுத்தோம். எஃப்ஜி 260 வார்ப்பிரும்பு காஸ்டிங், உள்ளே 6205 என்ற மாடலில் இரண்டு பேரிங். அந்த பேரிங்கின் வெளி விட்டம் 52 மில்லிமீட்டர் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. புல்லியே சுற்றுவதால் வெளி ரிங் இறுக்கமாக உட்கார வேண்டும். அதனால் போருக்கு, அதாவது பேரிங் உட்காரும் துளைக்கு, என்7 டாலரன்ஸ். மேல் எல்லை மைனஸ் 0.009, கீழ் எல்லை மைனஸ் 0.039. போர் 51.961 முதல் 51.991க்குள் வர வேண்டும். உங்கள் பிடிஎஃப்பில் வந்தது வெறும் 0.009, வெறும் 0.039. குறி இல்லாத எண்ணைப் பட்டறையில் பிளஸ் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். துளையை அளக்கும் போர் கேஜை அப்படியே செட் செய்து, 52.009க்கும் 52.039க்கும் நடுவில் 120 புல்லியையும் சுத்தமாக ஓட்டி முடித்துவிட்டார்கள்.

பார்ட்டியின் ஸ்டோரில் நானும் நின்றேன். அசெம்பிளி செய்பவர் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் புல்லியை வைத்து, பேரிங்கை வாயில் நிறுத்திக் கையை எடுத்தார். பிரஸ்ஸைத் தொடவே இல்லை. பேரிங் தானாக இறங்கி அடி ஸ்டெப்பில் போய் உட்கார்ந்தது. புல்லியைக் கவிழ்த்தார், பேரிங் மேசையில் விழுந்தது. அடுத்த புல்லியை எடுத்தார், அதுவும் அப்படியே. அவர் என்னைத் திட்டவில்லை. கையில் இருந்த ட்ராயிங்கை என் பக்கம் திருப்பி அந்த அளவின் மேல் விரலை மட்டும் வைத்தார். அந்த நிமிடம் எனக்கு எப்படி இருந்தது என்பதை உங்கள் சர்வே படிவத்தில் எந்தக் கட்டத்தில் நிரப்புவது?

ஷாஃப்ட் பெரிதாகப் போனால் கிரைண்டிங் செய்து குறைத்துவிடலாம். போர் பெரிதானால் போனதுதான், இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. லாக்டைட் பசை போட்டு பேரிங்கை ஒட்டித் தருகிறோம் என்று கெஞ்சிப் பார்த்தோம். பேரிங் மாற்றும்போது ஃபிட்டர் யாரைப் பிடித்து இழுப்பார் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். மொத்த லாட்டும் ரிஜெக்ட். நஷ்டத்தை எங்கள் கணக்கில் பற்று வைத்த டெபிட் நோட் எங்கள் பெயரில் வந்தது.

இனி உங்கள் சேவைப் பிரிவைப் பற்றி. முதலில் டிக்கெட் போட்டேன். பிரிண்டர் டிரைவரை மாற்றச் சொல்லிப் பதில் வந்தது. பிடிஎஃப் ஃபைலுக்குள்ளேயே குறி இல்லாதபோது பிரிண்டர் எங்கே வந்தது? அதை எழுதினேன். விண்டோஸை அப்டேட் செய்யச் சொன்னார்கள், செய்தேன். ஃபான்ட் ஃபோல்டரை அழித்துவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொன்னார்கள், அதையும் செய்தேன். ஒவ்வொரு முறையும் வேறொருவர் பேசுவார், நான் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும்.

இதில் ஒருவரைப் பற்றிக் கட்டாயம் எழுதியாக வேண்டும். பெயர் கேட்டேன், சொல்ல மறுத்துவிட்டார். அழைப்புப் பதிவு உங்களிடம் இருக்கும், கேட்டுப் பாருங்கள். என்7 என்றால் என்ன என்று நான் அவருக்கு விளக்க வேண்டியிருந்தது. அதுகூடப் பரவாயில்லை. விளக்கி முடித்ததும் அவர் சொன்னது: "மேல சின்ன நம்பர், கீழ பெரிய நம்பர் இருந்தா தப்புன்னு தெரிய வேணாமா சார்? பேசிக் ட்ராயிங் தெரிஞ்ச ஆளா வேலைக்கு வைங்க." அதற்கு மேல், "உங்க டைமும் வேஸ்ட், எங்க டைமும் வேஸ்ட்" என்று லைனைத் துண்டித்துவிட்டார்.

இருபது வருடமாக லேத்தில் நிற்கும் ஒருவரைப் பற்றி இப்படிப் பேச இவர் யார்? அந்த ஆபரேட்டர் கொடுத்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் ஒவ்வொரு புல்லியையும் நிறுத்தியிருக்கிறார். ஒன்றுகூட வெளியே போகவில்லை. நைட் ஷிஃப்டில் மெஷின் முன்னால் நிற்பவர் உங்கள் மென்பொருள் எந்தக் குறியை விழுங்கியிருக்கும் என்று ஊகித்துக்கொண்டே ஓட்ட வேண்டுமா? என்7 என்று எழுத்தையும் பக்கத்தில் போட்டிருக்கலாமே என்று இன்னொருவர் கேட்டார். பார்ட்டியின் ட்ராயிங் முறைப்படி எல்லை மதிப்பு மட்டும்தான் போட வேண்டும். அது அவர்கள் உரிமை. உங்கள் மென்பொருளிலேயே அதற்குத் தனி ஆப்ஷன் கொடுத்திருக்கிறீர்கள். எழுத்து இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். திரையில் இருப்பது பிடிஎஃப்பில் வர வேண்டும். இதைத் தவிர நான் வேறு எதுவும் கேட்கவில்லை.

கோளாறு உங்களுடையதுதான் என்பதற்கு அதே பிடிஎஃப்பில் ஆதாரம் இருக்கிறது. டைட்டில் பிளாக்கில் "ஐஎஸ்ஓ 2768-எம்" என்று பொது டாலரன்ஸ் குறிப்பு இருக்கிறதல்லவா, அதில் உள்ள சின்னக் கோடு பளிச்சென்று வருகிறது. ஏனென்றால் அது நாங்கள் கீபோர்டில் தட்டியது. டாலரன்ஸ் கட்டத்தில் உங்கள் மென்பொருள் தானாகப் போடுவது வேறு எழுத்து, பார்வைக்கு மட்டும்தான் இரண்டும் ஒன்று. அந்த எழுத்து புது அப்டேட்டில் மாற்றிய ஃபான்ட்டில் இல்லை. எக்ஸ்போர்ட் ஆகும்போது அந்த இடம் காலியாக விடப்படுகிறது. ஃபான்ட்டை மாற்றினால் குறி திரும்ப வருகிறது. இதை எங்கள் அலுவலகத்தில் வேலை செய்யும் பெண்தான் ராத்திரி உட்கார்ந்து கண்டுபிடித்தார். மென்பொருளை எழுதிய உங்களுக்கு இது தெரியவில்லை என்றால் நான் நம்பத் தயாராக இல்லை.

சென்னைப் பயணத்தைச் சொல்லாமல் விட முடியாது. ரிமோட்டில் பார்க்க முடியாது, கிண்டியில் உள்ள டீலர் அலுவலகத்துக்கு சிஸ்டத்தைக் கொண்டுவந்தால் அன்றே முடித்துத் தருகிறோம் என்று மெயிலில் எழுதினார்கள். சிபியூவைப் பெட்ஷீட்டில் சுற்றி, இன்டர்சிட்டி எக்ஸ்பிரஸ்ஸில் மடியிலும் காலடியிலுமாக வைத்துக்கொண்டு வந்தேன். சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோ ஸ்கேனரில் அதை ஏற்றி இறக்கி, கிண்டி போய்ச் சேர்ந்தால், ரிசப்ஷனில் இருந்த பெண், "அந்த இன்ஜினியர் லீவ் சார், உங்களுக்கு இன்ஃபார்ம் பண்ணலையா?" என்றார். யாரும் பண்ணவில்லை. வேறு யாராவது பார்க்க முடியுமா என்றேன். காத்திருக்கச் சொன்னார்கள். அலுவலகம் மூடும் நேரம் வரை உட்கார்ந்திருந்தேன். கடைசியில் ஒரு பையன் வந்து, சிபியூவை ஆன்கூடச் செய்யாமல், "பழைய வெர்ஷனுக்குப் போயிடுங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனான். புது வெர்ஷனில் சேமித்த ஃபைல் பழையதில் திறக்காது என்பது அவனுக்குத் தெரியாதா? அப்டேட்டுக்குப் பிறகு நாங்கள் போட்ட அத்தனை ட்ராயிங்கையும் என்ன செய்வது? அந்த இரவு சிபியூவோடு பஸ்ஸில் திரும்பியதை நான் மறக்க மாட்டேன்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு மெயில் வந்திருந்தது. "உங்கள் பிரச்சினை தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் கொடுப்பீர்கள்?" டிக்கெட்டை மூடிவிட்டார்கள்.

கோபத்தில் எழுதுகிறேன் என்றால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் மென்பொருள் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. நான் தொழில் கற்றதே அதில்தான். ட்ராயிங் போர்டிலும் டி-ஸ்கொயரிலும் வேலை செய்த என் குருநாதர், கம்ப்யூட்டரில் போட்டால் அளவு தவறாது என்று நம்பித்தான் என்னை இதில் உட்கார வைத்தார். அந்த நம்பிக்கையில்தான் எக்ஸ்போர்ட் ஆன பிடிஎஃப்பை அனுப்பினோம்.

நஷ்டக் கணக்கு: காஸ்டிங், மெஷினிங், பேரிங், பெயின்ட், வண்டி வாடகை, அவசரமாக மறுபடி ஓட்டிய லாட்டுக்கான கூடுதல் கூலி, அந்த பார்ட்டியிடமிருந்து இனி வராது என்று ஆகிவிட்ட வருட ஆர்டர், இதையெல்லாம் சேர்த்தால் எட்டு லட்சத்துக்குக் குறையாது. கெட்டுப்போன பெயருக்கு நான் விலை போடவில்லை. அப்டேட்டுக்குப் பிறகு வெளியே போன ஒவ்வொரு பிடிஎஃப்பையும் திறந்து மைனஸைத் தேடிக்கொண்டிருந்த வேலைக்கும் கணக்கு எழுதவில்லை. அப்படித் தேடியதில் 25 மில்லிமீட்டர் ஷாஃப்ட் ஒன்று சிக்கியது. ஜி6, மைனஸ் 0.007, மைனஸ் 0.020. அதிலும் குறி இல்லை. நல்ல வேளை, மெட்டீரியல் வராததால் அந்த ஜாப் இன்னும் மெஷின் ஏறவில்லை.

நான் கேட்பவை இவை. கோளாறு உங்கள் அப்டேட்டில்தான் என்று பார்ட்டியிடம் காட்டுவதற்கு லெட்டர்ஹெட்டில் எழுதித் தர வேண்டும். சரிசெய்த அப்டேட் உடனே வர வேண்டும். நஷ்டத்தை ஈடுகட்டுவது பற்றிப் பேச அதிகாரம் உள்ள ஒருவர் என்னைத் தொடர்புகொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, இந்த வெர்ஷனைப் பயன்படுத்தும் எல்லா வாடிக்கையாளருக்கும் இன்றே மெயில் போடுங்கள். எங்களுக்குப் போனது புல்லி. வேறு யாரோ இதே மென்பொருளில் லிஃப்டுக்கோ பிரேக்குக்கோ ட்ராயிங் போட்டுக்கொண்டிருப்பார்கள். அங்கே ஒரு பேரிங் கழன்றால் டெபிட் நோட்டோடு முடியாது. இதை உங்கள் ஆட்களிடம் ஒவ்வொரு முறையும் சொன்னேன். ஒருவர்கூடக் குறித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

தொழிலுக்கு வாங்கிய சாஃப்ட்வேர், கன்ஸ்யூமர் கோர்ட் எல்லாம் செல்லாது என்று டீலர் தரப்பில் சொன்னார்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சுயதொழில் செய்து பிழைப்பு நடத்துவதற்காக மட்டும் வாங்கிப் பயன்படுத்துபவரும் அந்தச் சட்டப்படி நுகர்வோர்தான். நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடவும் அதில் வழி இருக்கிறது. அதனால் நீங்கள் கோவைக்கு வர வேண்டியிருக்கும், நான் மறுபடி கிண்டிக்கு வர மாட்டேன். இரண்டு வாரத்துக்குள் உருப்படியான பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் போகும், அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடிசியா தொழிற்சங்கத்தில் (கோவை சிறுதொழில் நிறுவனங்களின் அமைப்பு) உள்ள எங்கள் நண்பர்களுக்கும் இந்தப் பிடிஎஃப்பை அனுப்பிவைப்பேன். அந்த அளவுக்குப் போக வைக்காதீர்கள் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இணைப்பு: திரையில் தெரியும் ட்ராயிங்கின் படம், அதே ட்ராயிங்கின் பிடிஎஃப், அசல் ஃபைல், டெபிட் நோட் நகல், சந்தா இன்வாய்ஸ், கிண்டிக்கு வரச் சொன்ன மெயில்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாடிக்கையாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.

பி.கு.: ஹெல்ப்லைனில் பேசிய அந்த நபர் மூலம் பதில் அனுப்ப வேண்டாம். அவர் அந்த ஆபரேட்டரிடம் மன்னிப்புக் கேட்க விரும்பினால் மட்டும் சொல்லுங்கள், நம்பர் தருகிறேன்.