வெளிநாட்டிலிருந்து வந்தவர் ரத்தம் கொடுக்க நாள் கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மே விடுமுறையிலும், ஹெத்தையம்மன் பண்டிகையை ஒட்டி டிசம்பர் கடைசியிலும் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் நடக்கும் ரத்ததான முகாம்களுக்கு, வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வந்தவர்கள் ஆர்வமாக வருகிறார்கள். படிவம் நிரப்பி, எடை பார்த்து, விரலில் குத்தி ஹீமோகுளோபினும் பார்த்த பிறகு, "எப்போது வந்தீர்கள்?" என்ற கேள்வியில் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். "ஃபாரின் போனவர்கள் ரத்தமே கொடுக்கக் கூடாதாம்" என்று ஹட்டி (படுகர் ஊர்) முழுக்கப் பேச்சாகிவிடுகிறது. அப்படி ஒரு விதியே இல்லை. இருப்பதெல்லாம் நாள் கணக்குதான்.

தேசிய குருதிப் பரிமாற்றுக் குழுமம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, டெங்கு, சிக்குன்குனியா பரவலாக உள்ள பகுதிக்குப் போய் வந்தவர், காய்ச்சல் எதுவும் இல்லையென்றால் திரும்பிய நாளிலிருந்து 4 வாரம் பொறுக்க வேண்டும். அந்தக் காய்ச்சலே வந்திருந்தால் குணமான பின் 6 மாதம். கொசுவால் வரும் ஜிகா வைரஸ் பரவிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து வந்தவருக்கு 4 மாதம். மலேரியா வந்தவர் முழுதாகக் குணமாகி 3 மாதம் ஆகியிருக்க வேண்டும். போன இடத்தில் பச்சை குத்திக்கொண்டவருக்கு 12 மாதம். இதைத்தான் இளைஞர்கள் சொல்ல மறக்கிறார்கள். டெங்கு விதியை எழுத்துக்கு எழுத்து பிடித்தால், கல்யாணத்துக்கு மேட்டுப்பாளையம் இறங்கிப் போய் வந்தவரையும் நிறுத்த வேண்டியிருக்கும். மலையில் ரத்தம் கொடுக்க ஆளே மிஞ்சாது. அதனால் இடத்தையும் அப்போதைய நோய்ப் பரவலையும் பார்த்து முகாம் மருத்துவர்தான் முடிவெடுக்க வேண்டும்.

"எல்லாவற்றையும்தான் டெஸ்ட் பண்ணுகிறீர்களே, பிறகென்ன?" என்பது வழக்கமான வாதம். நம் நாட்டில் ஒவ்வொரு ரத்தப் பைக்கும் கட்டாயமான சோதனைகள் ஐந்து: எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, ஹெபடைடிஸ் சி, சிபிலிஸ், மலேரியா. டெங்குவும் ஜிகாவும் இந்தப் பட்டியலில் இல்லை. டெங்கு தொற்றியவரில் பலருக்குக் காய்ச்சலே வராது. வருகிறவருக்கும் அதற்கு ஓரிரு நாள் முன்பே ரத்தத்தில் வைரஸ் இருக்கும். அங்கே கேள்வி ஒன்றுதான் காவல். மலேரியாவைச் சோதித்தாலும், கிருமி மிகக் குறைவாக இருந்தால் கண்ணில் படாது. ரத்தப் பையை 2 முதல் 6 டிகிரியில் வைத்தாலும் அந்தக் கிருமி பல நாள் சாகாது. வைவாக்ஸ் வகை மலேரியா கல்லீரலில் பதுங்கி மாதக்கணக்கில் கழித்தும் தலைகாட்டும். இதில் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு: வெயில் தேசத்திலிருந்து வந்த வாரத்தில் உடம்பு நடுங்கினால், "ஊட்டிக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று கம்பளியைப் போர்த்திப் படுத்துவிடுகிறோம். அந்த நடுக்கத்தையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

எதிர்த் திசையிலும் குழப்பம் உண்டு. இங்கிருந்து அமெரிக்கா போய்க் குடியேறியவரை, அங்கே ரத்தம் கொடுக்க 3 வருடம் காத்திருக்கச் சொல்கிறார்கள். 2,200 மீட்டருக்கு மேல் உள்ள ஊட்டியில் பிறந்து வளர்ந்தவர் என்றாலும் விலக்கு இல்லை; குடியிருப்புக் கணக்கில் அவர்களுக்கு முழு இந்தியாவும் மலேரியா நாடு. மலேரியா உள்ள இடத்துக்குச் சும்மா சுற்றிப் பார்க்கப் போய் வந்தவருக்கு இருந்த ஒரு வருடத்தை 2020-ல் 3 மாதமாகக் குறைத்தார்கள்; குடியிருந்தவர் கணக்கைத் தொடவில்லை. மாட்டு மூளை நோய்ப் பயத்தால் பிரிட்டனில் வாழ்ந்தவர்களுக்கு இருந்த தடையை அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் 2022-ல் எடுத்துவிட்டன.

முகாம் நடத்துபவர்களுக்கு: முந்தின நாள் வாட்ஸப் செய்தியிலேயே, எந்த நாட்டிலிருந்து, எந்தத் தேதியில் வந்தீர்கள், வந்த பிறகு காய்ச்சல் உண்டா என்று கேட்டுவிடுங்கள். தேதி நினைவில்லாதவர் பாஸ்போர்ட் முத்திரையைப் பார்க்கட்டும். சிங்கப்பூரிலிருந்து ஏப்ரல் 30-ல் வந்தவருக்கு 4 வாரம் மே 28-ல் முடிகிறது. "இப்போது முடியாது" என்று வாயால் சொல்லாமல், அந்தத் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுத்து, போன் எண்ணையும் வாங்கி வையுங்கள். இரண்டு மாத லீவில் வந்தவர் லீவு முடியுமுன்பே கொடுத்துவிட்டுப் போகலாம். இந்தியாவில் சிக்கிள் செல் என்ற பரம்பரைச் சிவப்பணு நோய் முதன்முதலில் 1952-ல் கண்டறியப்பட்டதே நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் இந்த நோயால் திரும்பத் திரும்ப ரத்தம் ஏற்றிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கிருமியுள்ள பையும் ஆகாது, காலி ஃபிரிட்ஜும் ஆகாது.

கொடுத்துவிட்டுப் போன இரண்டு வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால், வெட்கப்படாமல் உடனே ரத்த வங்கிக்குப் போன் போடுங்கள். பிளேட்லெட் 5 நாளில் செலவாகிவிடும். சிவப்பணுப் பை 35 நாள் வரை ஃபிரிட்ஜில் இருக்கக்கூடும், அதையாவது எடுத்து ஒதுக்கிவிடலாம். சீட்டில் உள்ள பை எண்ணைச் சொன்னால் தேடுவது சுலபம்.

இப்படிக்கு,
ரத்ததான முகாம் ஒருங்கிணைப்பாளர்கள் சிலர்,
கோத்தகிரி.