சித்தப்பாவுக்கு: புதுக் கார்பெட் போடும் முன் தண்ணீர் வரும் வழியைப் பிடியுங்கள்

அன்புள்ள சித்தப்பா,

காருக்குள் நாற்றம் போகவே மாட்டேன் என்கிறது, கால் வைத்தால் கார்பெட் சொதசொதவென்று இருக்கிறது, ஃப்ளோரில் துருப்பிடித்த இடத்துக்கு ஒரு தகடு வைத்து அடித்துவிட்டுப் புதுக் கார்பெட் போட்டுவிடலாமா என்று கேட்டிருந்தீர்கள். போடலாம், ஆனால் அது கடைசி வேலை. தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்காமல் தகடு வைத்தால், புதுத் தகடும் அதே இடத்தில் அரித்துப் போகும்.

முதலில் அந்த ஈரத்தை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். வழவழவென்று, லேசான இனிப்பு வாடையோடு இருந்தால் அது மழைத் தண்ணீரே இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னாலுள்ள ஹீட்டரின் சின்ன ரேடியேட்டரிலிருந்து (ஹீட்டர் கோர்) கசியும் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம். முன் கண்ணாடியின் உட்புறம் பிசுபிசுப்பாகப் படலம் படிவதும் அதற்கு அடையாளம். கூலன்ட் நஞ்சு, நாய் பூனை நக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழையே இல்லாத நாளில், ஏசி போட்டு ஓட்டிய பிறகு மட்டும் முன்பக்கம் நனைகிறது என்றால் ஏசி டிரெயின் குழாய் அடைத்திருக்கும். காருக்கு அடியில் சொட்ட வேண்டிய தண்ணீர் உள்ளே இறங்குகிறது. பெடலுக்கு நேர் கீழே பெயின்ட் உரிந்து எண்ணெய்ப் பதமாக இருந்தால் பிரேக் அல்லது கிளட்சின் மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்தால் ஆயிலைத் தள்ளும் பாகம்) கசிகிறது. அப்படி இருந்தால் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு அதைச் சரிசெய்யுங்கள். அதுவரை வண்டியை எடுக்கவே வேண்டாம்.

இது எதுவும் இல்லை என்றால் மழைத் தண்ணீர்தான். சீட்டையும் கார்பெட்டையும் கழற்றாமல் அதைத் தேட முடியாது. ஏர்பேக் உள்ள வண்டி என்றால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, பத்து நிமிடமாவது காத்திருந்த பிறகே சீட்டுக்கு அடியிலுள்ள மஞ்சள் கனெக்டரை (ஏர்பேக் ஒயர் இணைப்பு) தொடுங்கள். சீட் போல்ட்டுகளில் முந்தின இரவே துரு இளக்கும் ஆயிலை அடித்து வையுங்கள். இறுகியிருந்தால் ஒரே மூச்சில் திருப்பாமல், கொஞ்சம் தளர்த்திக் கொஞ்சம் முறுக்கி மெல்ல மெல்ல எடுங்கள். முரட்டுத்தனமாகத் திருப்பினால் உள்ளே வெல்டு செய்த நட்டு பிய்த்துக்கொண்டு கூடவே சுற்றும். பிறகு ஃப்ளோரை வெட்டித்தான் அதைப் பிடிக்க வேண்டும்.

இப்போது தண்ணீர் சோதனை. ஒருவர் டார்ச்சோடு உள்ளே உட்கார வேண்டும், இன்னொருவர் வெளியே சாதாரண ஹோஸால் மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். பிரஷர் பம்ப் வேண்டாம், அது நல்ல ரப்பரையும் மீறி உள்ளே போகும். கீழிருந்து மேலே போங்கள்: கதவின் அடிப்பகுதி, கதவுக் கண்ணாடி, முன் கண்ணாடியின் கீழ் விளிம்பு, மேல் விளிம்பு, கடைசியில் கூரை. ஒவ்வொரு இடத்திலும் ஐந்து நிமிடமாவது நில்லுங்கள். மேலே ஆரம்பித்தால் எல்லாமே நனைந்து, எது ஓட்டை என்று தெரியாமல் போய்விடும். தண்ணீர் தேங்கும் இடமும் நுழையும் இடமும் ஒன்றாக இருப்பது அபூர்வம். ஈரத் தடத்தையும் காய்ந்த மண் கோட்டையும் பிடித்து மேலே ஏறுங்கள்.

பெரும்பாலும் யாரும் சந்தேகப்படாத இடம் கதவு. கண்ணாடி இறங்கும் இடைவெளி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் போவது இயல்புதான். கதவை அப்படித்தான் செய்திருக்கிறார்கள். உள்ளே வழிந்து, அடியிலுள்ள சிறு துளைகள் வழியாக வெளியேறிவிடும். அது காருக்குள் வராமல் தடுப்பது, கதவின் உட்புறத்தை மூடும் அட்டையான டிரிம் பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் ஒரு பிளாஸ்டிக் ஷீட். கண்ணாடி ஏற்றும் மெஷினையோ ஸ்பீக்கரையோ மாற்றும்போது அதைக் கிழித்து, திரும்ப ஒட்டாமல் பேடை மாட்டிவிடுவார்கள். பிறகு ஒவ்வொரு மழையிலும் தண்ணீர் பேடின் பின்புறமாக வழிந்து, நிலைப்படியைத் தாண்டிக் கார்பெட்டுக்கு அடியில் போகும். மேலே கார்பெட் காய்ந்தே இருக்கும்! கெட்டியான பாலித்தீன் ஷீட்டை வெட்டி, பியூட்டைல் டேப்பால் (பிசுபிசுப்பான ரப்பர் டேப்) சுற்றிலும் ஒட்டுங்கள். ஷீட்டின் கீழ் விளிம்பு கதவுத் தகட்டின் உட்பக்கமாகச் செருகப்பட வேண்டும். அப்போதுதான் தண்ணீர் கதவுக்குள்ளேயே திரும்பி விழும். அடித்துளைகளையும் ஒரு கம்பியால் குத்தி விடுங்கள்.

அடுத்தது வைப்பருக்குக் கீழேயுள்ள பள்ளம். சருகும் மண்ணும் சேர்ந்து வடிகால் அடைத்தால் தண்ணீர் தேங்கி, ஃபேன் வழியாக உள்ளே கொட்டும். எஞ்சின் அறையிலிருந்து ஒயர் உள்ளே வரும் இடத்து ரப்பர் வளையம், சன்ரூஃப் இருந்தால் அதன் நான்கு மூலைக் குழாய்கள், டிக்கியில் பின் விளக்கின் ரப்பர் ஆகியவற்றையும் பாருங்கள். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங்குக்கு எளிய சோதனை உண்டு: ஒரு தாளை வைத்துக் கதவை மூடி இழுங்கள். பிடிப்பே இல்லாமல் வந்தால் அங்கே ரப்பர் செத்துவிட்டது. கண்ணாடி ஓரத்தில் கசிந்தால் வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானை மட்டும் பூசாதீர்கள். அதிலிருந்து வரும் அமிலம் தகட்டை அரிக்கும், பிறகு பெயின்டும் பிடிக்காது.

கார்பெட்டுக்கு அடியிலுள்ள ஃபெல்ட் நனைந்த சாக்கு மாதிரி. வாரக்கணக்கில் ஈரத்தைத் தகட்டோடு அணைத்து வைத்திருக்கும். துருவுக்கு அதுதான் தாய். கறுத்துப் போயிருந்தால் தூக்கி எறிந்துவிட்டு, தண்ணீர் உறிஞ்சாத குளோஸ்டு செல் ஃபோம் போடுங்கள். கார்பெட்டை வெளியே விரித்து, ஷாம்பூ தண்ணீரால் தேய்த்து, தெளிந்த நீர் வரும்வரை அலசி, தொங்கவிட்டுக் காய வையுங்கள். பூஞ்சை இருந்தால் மாஸ்க் போட்டுக்கொண்டு, வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடையுங்கள். அதோடு பிளீச்சைச் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு வரும். சீட் பெல்ட்டிலும் பிளீச் படக்கூடாது, நூல் வலுவிழந்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும். முழுக்கக் காய்ந்த பிறகுதான் உள்ளே சுருள விடுங்கள்.

இனி துரு. ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். டங்கென்று நின்றால் மேல்துரு. உள்ளே இறங்கினால் தகடு போய்விட்டது. ஃப்ளோரில் ஒட்டியிருக்கும் தார் ஷீட்டின் ஓரம் எழும்பியிருந்தால் ஹீட் கன்னால் இளக்கிச் சுரண்டி எடுங்கள், அதன் அடியில்தான் மோசமாக இருக்கும். மேல்துரு என்றால் கம்பி பிரஷ், பிறகு 80 நம்பர் உப்புத்தாள், வெள்ளைத் தகடு தெரியும்வரை. அதன்மேல் இரண்டு கோட் எபாக்ஸி பிரைமர் (தகட்டைப் பிடித்துக்கொள்ளும் அடிப் பெயின்ட்), தகடுகள் சேரும் இணைப்புகளில் சீம் சீலர் என்ற அடைப்புப் பசை, பிறகு பெயின்ட். குழிகளில் ரஸ்ட் கன்வெர்ட்டர் (துருவை மாற்றும் அமில மருந்து) போட்டால் அதன் அமில மிச்சத்தைச் சுத்தமாக எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் எபாக்ஸி பிடிக்காமல் உரியும்.

ஓட்டைக்குப் பட்டி வைப்பதும் ஃபைபர் ஒட்டுவதும் ஏமாற்று வேலை. துரு அதற்குப் பின்னால் நிம்மதியாக வளரும். நல்ல தகடு வரும்வரை வெட்டி எடுங்கள். அட்டையில் அளவெடுத்து, 1 மி.மீ. தகட்டில் மூலைகளை வளைவாக வெட்டி, 0.6 மி.மீ. கம்பியில் மிக் வெல்டிங் (கம்பி தானாக வந்து உருகும் மின் வெல்டிங்) செய்யச் சொல்லுங்கள். வெல்டைத் தொடர்ச்சியாக ஓட்டினால் தகடு நெளியும். எதிரெதிர்ப் பக்கங்களில் புள்ளி புள்ளியாக வைத்து, ஆறவிட்டு, இடைவெளியை நிரப்ப வேண்டும். அதற்கு முன் அடியில் படுத்து பெட்ரோல் பைப், பிரேக் பைப், ஒயர் எங்கே போகிறது என்று பாருங்கள். தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும்; முடித்த பிறகு அரை மணி நேரம் ஒருவர் காவலுக்கு நிற்கட்டும். அடிப்பூச்சு உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருக்கும்.

சீட் ரெயில், பெல்ட் மாட்டும் இடம், கதவுக்குக் கீழுள்ள சில் (நிலைப்படிச் சட்டம்), ஜாக் வைக்கும் இடம் இவற்றில் துரு ஏறியிருந்தால் அனுபவமுள்ள டிங்கரிடம் (தகடு வேலை செய்பவர்) விடுங்கள். விபத்தில் உங்களைப் பிடித்து வைக்கும் இடங்கள் அவை.

பெயின்ட் காய்ந்த பிறகு சில்லுக்குள்ளும் குறுக்குச் சட்டங்களுக்குள்ளும் கேவிட்டி வேக்ஸ் (உட்குழிகளில் துரு தடுக்கும் மெழுகு) அடியுங்கள், வடிகால் துளைகள் மட்டும் அடைபடக் கூடாது. உடனே கார்பெட் போட வேண்டாம். மறுபடி ஹோஸ் பிடித்து அதே வரிசையில் சோதியுங்கள். ஒரு சொட்டும் வராவிட்டால் கார்பெட்டை விரித்து, சீட் போல்ட்டுகளை மேனுவலில் உள்ள டார்க் அளவுக்கு (முறுக்கும் விசையின் அளவு) முறுக்கி, மஞ்சள் கனெக்டரை மாட்டிய பிறகே பேட்டரியைக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்